மெஹ்ரான்கர் கோட்டையா, புல்லட் பாபா கோயிலா?

ஜோத்பூரில் ஒரே ஒரு பகல்தான் கையில் இருக்கிறது என்றால் என் ஓட்டு கோட்டைக்கு. மன்னர் ராவ் ஜோதா 1459இல் கட்டத் தொடங்கிய மெஹ்ரான்கர், ஊருக்கு மேலே செங்குத்தான பாறையில் உட்கார்ந்திருக்கிறது. ஏற்றம் முழங்காலைப் பதம் பார்க்கும். பல்லக்குகளும் வாள்களும் நிறைந்த அருங்காட்சியகத்தை வேகமாகக் கடந்துவிடலாம். வாயில்களில் நின்று பாருங்கள். ஒரு வாயிலின் சுவரில் ஜெய்ப்பூர்ப் படையின் பீரங்கிக் குண்டுகள் பதித்த தழும்புகள் இன்னும் இருக்கின்றன. ‘லோஹா போல்’ எனும் இரும்பு வாயிலருகே உடன்கட்டை ஏறிய அரசகுலப் பெண்களின் கைத்தடங்கள். குழந்தைகளின் கைகளோ என்று நினைக்கத் தோன்றும், அவ்வளவு சிறியவை. அதற்குப் பிறகு மாடத்து வேலைப்பாடுகளில் எனக்கு மனம் ஒட்டவில்லை.

புல்லட் பாபா வேறு ரகம். பாலி நகருக்குப் போகும் நெடுஞ்சாலையில் சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, கண்ணாடிக் கூண்டுக்குள் மாலையும் கழுத்துமாக ஒரு ராயல் என்ஃபீல்ட் புல்லட்! 1988இல் ஓம் சிங் ராத்தோர் என்பவர் இந்த வண்டியில் வந்து மரத்தில் மோதி இறந்தார். போலீஸ் எடுத்துச் சென்ற வண்டி மறுநாள் காலையில் விபத்து நடந்த இடத்திலேயே நின்றதாம். பெட்ரோலை வடித்துவிட்டுப் பூட்டி வைத்தும் திரும்பி வந்ததாம். இறந்தவரையே புல்லட் பாபா என்று கும்பிட்டு, ஊதுபத்தியோடு மது பாட்டிலும் படைக்கிறார்கள், அதுவும் சாலை விபத்தில் காக்கச் சொல்லி! அரை மணி நேரம் போதும். இதற்கென்றே கார் பிடிக்க வேண்டாம். பாலி வழியாக உதய்ப்பூர் போகிறவர்கள் இறங்கிப் பார்க்கலாம்.