வார்சொம்: நார்வேயின் பனிச்சரிவு எச்சரிக்கைச் சேவை

வட நார்வேயின் டிரோம்சோ, லிங்கென் (Lyngen) பகுதிகளின் கடற்கரை மலைகளில் குளிர்காலத்தில் பனிச்சறுக்கு நடை செல்ல விரும்பும் எவரும் புறப்படுவதற்கு முன் பார்த்தே தீரவேண்டிய இலவச இணையச் சேவை வார்சொம் என்பது என் உறுதியான கருத்து. அந்நாட்டின் நீர்வள, எரிசக்தி இயக்ககம் 2013 முதல் நடத்திவரும் இப்பனிச்சரிவு எச்சரிக்கை, அபாயத்தை 1 முதல் 5 வரையிலான படிகளில் குளிர்காலம் முழுவதும் நாள்தோறும் அறிவிக்கிறது, ஆங்கிலத்திலும் கிடைக்கிறது.

படி எண்ணை மட்டும் பார்த்து மூடிவிடக் கூடாது. எந்தத் திசை நோக்கிய சரிவில், எந்த உயரத்துக்கு மேல், எவ்வகைப் பனி ஆபத்தானது என்று கீழே தரப்படும் விளக்கமே இச்சேவையின் உயிர். கடலோரத்திலிருந்து நேரே எழும் மலைகள் என்பதால் அடிவாரத்தில் மழை பெய்யும்போதே உச்சியில் பலத்த காற்றோடு பனி பொழியக்கூடும். அக்காற்று தன் வீச்சுக்கு மறைவான சரிவுகளில் சேர்த்துவைக்கும் இறுகிய பனிப்பாளம் ஒரு மனிதரின் எடையிலேயே உடைந்து நழுவும்.

சரிவு வரைபடமும் மிகச் சிறப்பானது. 30 பாகைக்கு மேற்பட்ட சரிவுகளோடு, பனி உருண்டு வந்து நிற்கக்கூடிய கீழ்ப்பகுதிகளையும் அது வண்ணமிட்டுக் காட்டுகிறது. சமதளத்தில் நடப்பவர்களும் புதையுண்டு போகலாம் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. நவம்பர் இறுதி முதல் சனவரி நடுப்பகுதி வரை சூரியன் எழாத டிரோம்சோவில், கண்ணால் சரிவை அளக்க இயலாத அந்த மங்கலில், இவ்வரைபடம் இன்றியமையாதது.

எச்சரிக்கை ஒரு வட்டாரம் முழுமைக்குமானது. குறிப்பிட்ட ஒரு சரிவுக்கு அது உறுதி அளிக்காது. மூன்றாம் படியை நடுத்தரம் என்று எளிதாக எடுத்துக்கொள்ளாமல், அனுபவமற்றவர்கள் அன்று செங்குத்தான நிலத்தை முற்றிலும் தவிர்ப்பதே நல்லது.