"கையால் வெதரிங் செய்தது" என்று விற்கிறார்களா? காசு கொடுக்கும் முன் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டச் சொல்லுங்கள்

விற்பனைப் படங்களில் ஆறு பாக்ஸ் கார்களும், அதாவது மாதிரி ரயிலின் மூடிய சரக்குப் பெட்டிகளும், கண்ணைப் பறித்தன. ஆறும் ஹெச்ஓ அளவு, அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு (1:87). ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கையால் வெதரிங் (வெயில், மழை, துரு பட்டுப் பழசானது போன்ற பூச்சு) செய்தது, அது உதிராமல் மேலே சீல் பூசியது, அப்படியே தண்டவாளத்தில் வைத்து ஓட்டலாம் என்று விற்றவர் எழுத்திலேயே உறுதி தந்திருந்தார். பார்சலைப் பிரித்ததும் அந்த மூன்றில் ஒன்றுகூட உண்மையில்லை என்று தெரிந்தது. புகாருக்கு வந்த பதில்: "வெதரிங் என்பது ரசனை, ஆளுக்கு ஆள் மாறும்." பணம் திரும்பவில்லை. இது ரசனைத் தகராறே இல்லை. ஒவ்வொரு குறையையும் விரல் வைத்துக் காட்ட முடியும். இதே மாதிரி விற்பனைகள் நிறைய நடப்பதால் எல்லாவற்றையும் விவரமாக எழுதுகிறோம்.

முதலில் கண்ணில் பட்டது பபுள் ராப். அதன் உட்பக்கம் முழுக்கத் துரு நிறத்தில் வட்ட வட்டமாகப் பொடி ஒட்டியிருந்தது. பெட்டியின் பக்கவாட்டில் அதே அளவு வட்டங்கள் வெளிறிக் கிடந்தன. வெதரிங் பவுடர் என்ற நிறப்பொடி மேட் (பளபளப்பில்லாத) பரப்பின் சொரசொரப்பில் உட்கார்ந்திருக்குமே தவிரப் பெயின்ட் போல ஒட்டாது. மேலே மேட் வார்னிஷ் பூசினால்தான் நிற்கும். ஆனால் அந்த வார்னிஷ் பட்டதும் பவுடர் நிறம் அடங்கிவிடும். வெளிர் துரு, சிமென்ட் தூசி போன்ற நிறங்கள் பாதிக்கு மேல் காணாமலே போகும். பவுடர், மெல்லிய வார்னிஷ் தூவல், மறுபடி பவுடர், மறுபடி தூவல் என்று மூன்று நான்கு சுற்று போனால்தான் நிறம் தேறும். அந்த உழைப்பை மிச்சப்படுத்த நினைப்பவர் பவுடரைத் தடவி, படம் எடுத்து, அப்படியே அனுப்பிவிடுகிறார். படத்தில் சீல் செய்ததைவிட சீல் செய்யாததுதான் அழகாகத் தெரியும், அதனால் படத்தை வைத்துக் கண்டுபிடிக்க வழியில்லை. நேரில் வாங்கினால் அடிச்சட்டத்தின் மூலையில் உலர்ந்த காட்டன் பட்ஸை இரண்டு முறை இழுத்துப் பாருங்கள். பஞ்சில் நிறம் வந்தால் சீல் இல்லை.

"தனித்தனியாக" என்பதும் பொய். ஆறையும் வரிசையாக நிறுத்தி ஏர்பிரஷ்ஷால் ஒரே வீச்சில் அடித்திருக்கிறார்கள். அடிப்பக்கம் ஒரே உயரத்தில் பழுப்புப் பட்டை, எல்லாவற்றிலும் ஒரே சாய்வு. நிஜப் பெட்டியில் அழுக்குக்கும் துருவுக்கும் காரணம் உண்டு, அந்தக் காரணம் இருக்கும் இடத்தில்தான் அவை இருக்கும். கதவு ஓடும் தடம், கதவின் கீழ்மூலை, ஏணியின் கால், பற்றவைத்த விளிம்பு என்று பெயின்ட் அடிபட்ட இடத்தில் துரு தொடங்கும். அங்கிருந்து மழைநீர் போன வழியில் நேர்கீழாக இறங்கும். பெட்டியின் முன், பின் முகங்களில் சக்கரம் வாரி அடித்த சேறு, சக்கரத்துக்கு நேர் மேலே இரண்டு செங்குத்துப் பட்டையாகப் படியும். இந்த ஆறில் ஒன்றில்கூட அது இல்லை.

கூரையில் செய்த தவறு இன்னும் மோசம். துத்தநாகம் பூசிய கூரையில் முதலில் பெயின்ட்தான் செதில் செதிலாக உரியும், அடியில் சாம்பல் நிற உலோகம் தெரியும். துத்தநாகம் தேய்ந்த பிறகே துரு எட்டிப் பார்க்கும். இங்கே முழுக் கூரையும் ஆரஞ்சு. பெட்டி எண்ணும் துருவுக்குள் புதைந்துபோனது. ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியின் எண் வாசிக்கும்படி இருக்க வேண்டும் என்பதால் சுற்றிலும் அழுக்கேறினாலும் எண்ணை மட்டும் துடைத்தோ புதிதாக எழுதியோ வைப்பார்கள்.

மூன்று பெட்டிகளில் வெள்ளை மூட்டம். டல்கோட் போன்ற லாக்கர் வகை மேட் பூச்சுக்கு மேல் ஆல்கஹால் கலந்த மைவாஷ் (அழுக்கேறிய தோற்றத்துக்காக நீர்த்துப் பூசும் மை) பட்டால் இப்படிப் பூத்துவிடும். வெயிலில் வெளிறிய தோற்றத்துக்காக இதை வேண்டுமென்றே செய்கிறவர்கள் உண்டு. இங்கே அது தற்செயல்; திட்டுத்திட்டாக, தண்ணீர் நின்று காய்ந்த கறை மாதிரி இருந்தது. டல்கோட்டை இன்னொரு மெல்லிய பூச்சு கொடுத்தால் மூட்டம் மறையும். நான்காவது பெட்டியில் இருந்தது வேறு சங்கதி. காட்டமான தின்னர் சேர்ந்த ஸ்பிரே ஈரமாக விழுந்து பிளாஸ்டிக்கையே அரித்து, சிலந்திவலை போல நுண் விரிசல் விட்டிருந்தது. நகத்தால் மெல்ல வருடினால் வித்தியாசம் தெரிந்துவிடும்: மூட்டம் வழுக்கும், விரிசல் நகத்தில் தட்டும். விரிசலுக்கு மருந்து இல்லை.

இனி சக்கரம். ஏமாற்று முழுக்க வெளிப்படும் இடம் இதுதான். சக்கரங்களைக் கழற்றாமல், அவற்றைப் பிடித்திருக்கும் ட்ரக் என்ற சட்டத்தோடு சேர்த்து ஸ்பிரே அடித்திருந்தார்கள். தண்டவாளத்தில் உருளும் பரப்பிலும் விளிம்பிலும் பெயின்ட். அச்சின் ஊசிமுனை உட்காரும் கூம்புக் குழியிலும் பெயின்ட். குழியில் இறங்கிய பெயின்ட் அச்சை இறுக்கும். உருளும் பரப்பில் உள்ளது உதிர்ந்து தண்டவாளத்தில் அப்பும், அழுக்கைச் சேர்க்கும், இன்ஜினுக்குப் போகும் மின்சாரத்தைத் தடுக்கும். ஒரே ஒரு பெட்டி மொத்த லேஅவுட்டையும் (தண்டவாள அமைப்பையும்) கெடுக்க இது போதும். 100 செ.மீ. நீளத்துக்கு 2 செ.மீ. உயர்த்திய தடத்தில் விட்டால் நல்ல பெட்டி தள்ளாமலே உருள வேண்டும். இந்த ஆறில் ஐந்து அசையவில்லை. பெட்டிகளை இணைக்கும் கப்ளரையும் விடவில்லை: கொக்கியின் பொடிச் சுருள்வில்லில் வார்னிஷ் உறைந்து, கொக்கி திறக்க மறுத்தது.

சக்கரத்தின் நிறமும் தப்பு. பழைய எண்ணெய் பேரிங் ட்ரக்கில் எண்ணெய் கசிந்து, தூசி ஒட்டி, சக்கர முகம் கருத்துப் பிசுபிசுவென்று இருக்கும். ரோலர் பேரிங் வந்த பிறகுதான் சக்கர முகத்தில் வெறும் துருப் பழுப்பு. இவர் எண்ணெய் பேரிங் ட்ரக்குக்கு ஆரஞ்சுத் துரு அடித்திருக்கிறார்.

ஏற்கெனவே இப்படி வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் தூக்கிப் போட வேண்டாம், பெரும்பாலும் மீட்கலாம். ட்ரக்கைக் கழற்றி, பக்கச் சட்டத்தை லேசாக விரித்துச் சக்கரத்தை எடுங்கள். உலோகச் சக்கரம் என்றால் உருளும் பரப்பை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்கலாம். கூம்புக் குழியைப் பல்குத்தும் குச்சியால் சுரண்டுங்கள். குழியைச் செதுக்கிச் சீராக்கும் ட்ரக் ட்யூனர் கருவி இருந்தால் அச்சு இருந்த இடத்தில் அதை வைத்து நாலைந்து சுற்று போதும், கூடினால் குழி பெரிதாகிவிடும். எண்ணெய் விடாதீர்கள், தூசி சேரும். கப்ளர் சுருள்வில் இறுகியிருந்தால் புது கப்ளர் மாட்டுவதே மேல். கொக்கியில் கிராஃபைட் பொடி ஒரு சிட்டிகை.

பெட்டியின் உடலை வெதுவெதுப்பான நீரில் பாத்திரச் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, மென்பிரஷ்ஷால் கழுவுங்கள். ஒரு நாள் முழுக்க உலரட்டும். அக்ரிலிக் மேட் வார்னிஷை மெல்லியதாகப் பூசி, நன்றாகக் காய்ந்த பின் ஆயில் பெயின்டில் பர்ன்ட் அம்பர், பர்ன்ட் சியன்னா என்ற இரு பழுப்பு நிறங்களையும் துரு தொடங்கும் இடங்களில் மட்டும் ஊசிமுனைப் புள்ளியாக வையுங்கள். வாசனையற்ற மினரல் ஸ்பிரிட்டில் நனைத்துத் துணியில் ஒற்றிய தட்டைப் பிரஷ்ஷால் மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. ஈரம் கூடினால் கோடு குழம்பிச் சேறாகிவிடும். ஆயில் காய நாட்கணக்கில் ஆகும், அவசரப்பட்டு மேலே எதையும் அடிக்காதீர்கள். மைவாஷ்தான் வேண்டும் என்றால் அரை லிட்டர் 70 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் இந்தியன் இங்க் 1 முதல் 2 டீஸ்பூன். அதை டல்கோட்டுக்கு முன்னால் முடித்துவிடுங்கள். 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஆல்கஹால் சில தயாரிப்பாளர்களின் அசல் பெயின்டையே இளக்கிவிடும். எதையும் முதலில் பெட்டியின் அடிப்பக்கத்தில் சோதியுங்கள்.

புதிதாக வாங்குகிறவர்கள் பணம் அனுப்பும் முன் நான்கு படங்கள் கேளுங்கள்: கவிழ்த்துவைத்த அடிப்பக்கம், சக்கரம் உருளும் பரப்பு நெருக்கத்தில், முன்முகம், பகலொளியில் சாய்வாகப் பிடித்த கூரை. சரிவில் தானாக உருளும் வீடியோ ஒன்று. என்ன பெயின்ட், என்ன சீல் என்றும் எழுத்தில் வாங்குங்கள். லாக்கரா அக்ரிலிக்கா என்று தெரியாமல் அதன் மேல் எந்தத் திரவத்தையும் வைக்க முடியாது. இந்த ஆறின் விற்பனையில் இருந்தவை பக்கவாட்டுப் படங்கள் மட்டுமே. பெட்டியை பபுள் ராப் நேரடியாகத் தொடக்கூடாது, முதலில் மென்மையான டிஷ்யூ தாள் சுற்ற வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

ஆறில் ஐந்து இந்த முறையில் ஓடும் நிலைக்குத் திரும்பிவிட்டன. விரிசல் விட்ட பெட்டியிலிருந்து ட்ரக் இரண்டும் எடைத்தகடும் மட்டும் வேறு பெட்டிக்குப் போகின்றன.