ஆடும் மீற்றர் முள்ளுக்கு இலத்திரனியல் ஸ்டெபிலைசர்: பழைய லொறிக்கு வாங்கலாமா?

டீசல் மீற்றரும் தண்ணி மீற்றரும் (எஞ்சின் சூட்டைக் காட்டுவது) ஒன்றாக விழுந்து ஒன்றாக எழும்புகிற பழைய லொறிக்கு மீற்றர் போர்டையே மாற்றச் சொல்லுவார்கள். அதைவிடச் செலவு குறைந்த வழி, பெருவிரல் அளவுப் பெட்டியாக வரும் 10 வோல்ட் இலத்திரனியல் ஸ்டெபிலைசர். ஸ்டெபிலைசர் என்பது இரண்டு மீற்றருக்கும் பொதுவாக, பற்றரி வோல்ட் ஏறி இறங்கினாலும் ஒரே அளவு வோல்ட் கொடுக்கும் சாமான். பழைய பைமெற்றல் ஸ்டெபிலைசரைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இதைப் பூட்டலாம். இணையத்தில் பல பெயர்களில் விற்கிறார்கள். உள்ளே அநேகமாக ஒரே சரக்குத்தான். 12 வோல்ட் பற்றரி, நெகற்றிவ் எர்த் (பற்றரியின் நெகற்றிவ் முனை வண்டியின் உலோகத்தோடு சேர்ந்திருப்பது), 10 வோல்ட் மீற்றர் என்ற மூன்றும் பொருந்தும் வண்டிக்கு ஐந்தில் நான்கு புள்ளி கொடுக்கலாம். மூன்றில் ஒன்று பிசகினாலும் காசு வீண்.

முதலில், உங்கள் வண்டியில் இந்தச் சாமான் இருக்கிறதா? திறப்பைப் போட்டதும் முள் மெல்ல மெல்ல ஏறி, அரை நிமிடமளவில் வந்து நின்றால் அது சூட்டில் வேலை செய்யும் மீற்றர்; அதற்கு ஸ்டெபிலைசர் வேண்டும். முள் சட்டென்று தாவி நின்றால் காந்தச்சுருள் மீற்றர். அதற்கு இந்தப் பெட்டியால் ஒரு பயனும் இல்லை. 1960களின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த பிரித்தானிய வண்டிகள் பலவற்றில் 10 வோல்ட் ஏற்பாடுதான். லான்ட் ரோவர் சீரீஸ் 3 வைத்திருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பழைய டொயோட்டாக்களில் ஸ்டெபிலைசர் டீசல் மீற்றருக்குள்ளேயே ஒளிந்திருக்கும். அது கொடுப்பது சுமார் 7 வோல்ட். அங்கே 10 வோல்ட் பெட்டியை மாட்டினால் கால் டாங்கி டீசல் அரை டாங்கிக்கு மேலாகக் காட்டும், எஞ்சின் சூடாகாமலே தண்ணி மீற்றர் சிவப்புப் பக்கம் போகும். பெட்டியின் மேலுறையில் இந்த எச்சரிக்கையைப் போடாமல் விற்பதுதான் முதல் குறை.

பழைய பைமெற்றல் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிக் கோளாறு பிடிபட்டுவிடும். இரண்டு உலோகத்தை ஒட்டிய ஒரு தகடு, அதைச் சுற்றி மெல்லிய சூடேற்றிக் கம்பி. மின்சாரம் ஓடத் தகடு சூடாகி வளைந்து தொடர்பை விடும். ஆறியதும் திரும்பத் தொடும். இப்படி விட்டு விட்டுக் கொடுப்பதன் சராசரிதான் 10 வோல்ட். மீற்றர்களுக்கு வோல்ட் போகும் 'ஐ' முனையில் டிஜிட்டல் மல்ரி மீற்றரை வைத்தால் 0, 12, 0, 12 என்று குதிப்பது அதனால்தான். அதைப் பார்த்து "ஸ்டெபிலைசர் போச்சு" என்று தீர்ப்புச் சொல்வது தவறு. குதித்தால் நல்லது. ஒரு நிமிடம் கடந்தும் பற்றரி வோல்ட்டிலேயே அசையாமல் நின்றால்தான் கோளாறு.

அந்தக் கோளாறும் ஸ்டெபிலைசரில்தான் என்று சொல்ல முடியாது. சூடேற்றிக் கம்பியின் மறுமுனை ஸ்டெபிலைசரின் தகரக் கூட்டின் வழியாக எர்த்துக்குப் போகிறது. அந்த எர்த் விட்டால் கம்பி சூடாகாது, தகடு வளையாது, தொடர்பு மூடியபடியே கிடக்கும். இரண்டு மீற்றருக்கும் முழு 12 வோல்ட்டும் போகும். எர்த் விட்டு விட்டுப் பிடித்தால் முள்ளும் விட்டு விட்டு ஏறி இறங்கும். ஆகவே பெட்டி வாங்க முன்னம் ஐந்து நிமிடச் சோதனை ஒன்று: ஒரு வயரின் ஒரு முனையைப் பற்றரி நெகற்றிவில் பிடித்து, மறு முனையைப் பழைய ஸ்டெபிலைசரின் கூட்டில் தொடுங்கள். உடனே வோல்ட் குதிக்கத் தொடங்கினால் ஸ்டெபிலைசர் பிழையில்லை, எர்த்தான் பிழை. புதுப் பெட்டிக்குக் கொடுக்க இருந்த காசுக்கு வேறு வேலை பாருங்கள்.

எர்த் விட்டால் புதுப் பெட்டியும் அதே பிழையைத்தான் விடும். உள்ளே இருக்கும் 7810 என்ற ஐசியின் (வோல்ட்டை 10க்கு இறக்கும் மூன்று கால் சில்லு) நடுக்கால் எர்த் இழந்தால் வெளியே வருவது 10 வோல்ட் அல்ல, பற்றரி வோல்ட்டை ஒட்டிய ஒன்று. "புதுசு போட்டும் அதே கதைதான்" என்று இணையத்தில் ஒரு புள்ளி குத்திவிட்டுப் போகிறவர்களில் பலர் எர்த்தைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள்.

திருகோணமலையில் இந்த எர்த் விடயத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லவேண்டும். கொட்பேயில் ஐஸ் மீன் ஏற்றும் லொறியின் செசியில் உப்புத்தண்ணி நாள் முழுக்க ஒழுகும். நிலாவெளிப் பக்கம் கடற்காற்றே போதும். சீனக்குடாவில் சீமெந்து ஏற்றுகிற வண்டிகளில் தூசு ஈரத்தோடு சேர்ந்து கனெக்டருக்குள் இறுகிவிடும். கச்சான் அடிக்கும் காய்ந்த மாதங்களில் மீற்றர் ஒழுங்காக இருந்து, வாடை மழை தொடங்கியதும் ஆட ஆரம்பித்தால் ஸ்டெபிலைசரைச் சந்தேகிப்பதற்கு முன் எர்த்தையும் பிளக்கையும் சந்தேகியுங்கள்.

அளக்கும் முறை எளிது. மல்ரி மீற்றரை 2 வோல்ட் டிசியில் வைத்து, ஒரு முனையைப் பற்றரி நெகற்றிவ் முளையிலும் மறு முனையை மீற்றர் போர்டின் எர்த் ஸ்குறூவிலும் பிடியுங்கள். திறப்பைப் போட்டு, ஹெட் லைற்றையும் வைப்பரையும் ஓடவிடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.2க்கு மேல் போனால் துப்புரவாக்க வேண்டும். 0.5 காட்டினால் வேறெதையும் தேடத் தேவையில்லை. சிக்னல் போடும்போது முள்ளும் சேர்ந்து துடித்தால் இந்த அளவீடுகூட வேண்டாம், எர்த்தேதான்.

திருத்துவதற்கு 2.5 சதுர மில்லிமீற்றர் கறுப்பு வயர் ஒன்றரை மீற்றர், 6 மில்லிமீற்றர் வளைய லக் இரண்டு, பல்வைத்த வாஷர் இரண்டு போதும். பற்றரி நெகற்றிவைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். போர்டின் பின்னாலுள்ள உலோகத்திலிருந்து, பெயின்ற் சுரண்டி வெள்ளையாக மின்னுகிற, வண்டிப் பொடியின் (body) உலோக இடம் ஒன்றுக்கு இழுத்துப் பூட்டி, மேலே வசலின் பூசிவிடுங்கள். பழைய எர்த்தைக் கழற்ற வேண்டாம். இது அதற்குத் துணை. பொடிக்கும் பற்றரிக்கும் இடையிலுள்ள தடித்த எர்த் பட்டி உளுத்திருந்தால் இந்த வயரால் ஒன்றும் ஆகாது, பட்டியை மாற்றவேண்டும்.

எர்த் சுத்தம், பழைய ஸ்டெபிலைசரின் 'பி' முனைக்கு (வோல்ட் உள்ளே வரும் முனை) 12 வோல்ட் வருகிறது, இருந்தும் 'ஐ' முனையில் அசையாத 12 அல்லது ஒன்றுமே இல்லை. அப்போதுதான் இந்தச் சாமானை வாங்கும் நேரம். ('பி'யிலேயே வோல்ட் இல்லையென்றால் பியூசையும் திறப்புச் சுவிச்சையும் பாருங்கள்.)

பூட்டுவது கால் மணிநேர வேலை. பழைய பைமெற்றலில் எந்தப் பக்கம் மேலே இருக்கவேண்டும் என்ற குறி இருக்கும். புதியதற்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, எப்படியும் வைக்கலாம். கவனிக்க வேண்டியது 'பி', 'ஐ' முனைகள் மாறாமல் இருப்பதும், கூடு போர்டோடு இறுக்கமாக எர்த் ஆவதும். பிளாஸ்ரிக் போர்ட் என்றால் எர்த்துக்குத் தனி வயர் இழுத்தே ஆகவேண்டும். பின்னால் செம்புத் தகடு ஒட்டிய மெல்லிய பிளாஸ்ரிக் தாள் இருந்தால், பிளக் செருகும் இடத்தில் தகடு மயிரிழையாக வெடித்திருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பாருங்கள். பத்து நிமிடம் ஓடிச் சூடேறியபின் மட்டும் முள் விழுகிற கோளாறு பெரும்பாலும் அங்கேதான். மெல்லிய வயரால் பாலம் போட்டு சொல்டர் பண்ணினால் தீரும். சொல்டர் இரும்பை இரண்டு விநாடிக்கு மேல் வைத்தால் தாள் சுருங்கிவிடும்.

இனி 24 வோல்ட் லொறிக்காரருக்கு. உறையில் "12–24" என்று அச்சடித்து, வெப்பம் போக்கும் அலுமினியத் தகடு எதுவுமில்லாமல் வரும் பெட்டிகளை வாங்காதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இரண்டு மீற்றரும் சேர்ந்து 0.2 அம்பியர் இழுத்தால், 14 வோல்ட்டிலிருந்து 10க்கு இறக்கும்போது வீணாகும் சூடு 0.8 வாற்று. தகரக் கூடே அதைத் தாங்கும். 28இலிருந்து 10க்கு இறக்கினால் 3.6 வாற்று, அதுவும் மத்தியான வெயிலில் வேகும் டாஷ்போர்டுக்குள். 7810 அளவுக்கு மேல் சூடானால் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும், ஆறியதும் திரும்ப வேலை செய்யும். முள் விழும், எழும்பும். எந்தக் கோளாறைத் தீர்க்கக் காசு கொடுத்தீர்களோ அதே கோளாறு பெட்டிக்குள்ளேயே வந்து குடியேறிவிடும்! உள்ளங்கை அளவு அலுமினியத் தகட்டில் ஐசியைப் பூட்டினால் பிழைக்கும். பொசிற்றிவ் எர்த் வண்டிக்கும் இந்தச் சாமான் ஆகாது, அதற்கென்று தனி வகை உண்டு.

சொல்டர் பிடிக்கத் தெரிந்தவர் பெட்டி வாங்கவே தேவையில்லை என்பது எங்கள் கருத்து. ஒரு 7810, உள்ளே வரும் பக்கம் 0.33 மைக்ரோபரட், வெளியே போகும் பக்கம் 0.1 மைக்ரோபரட் கொண்டென்சர்கள், பழைய ஸ்டெபிலைசரின் வெற்றுக் கூடு, அவ்வளவுதான். எழுத்துள்ள முகம் உங்களைப் பார்க்க இடக்கால் உள்வருவது, நடுக்கால் எர்த், வலக்கால் வெளிப்போவது. முதுகுத் தகடும் எர்த் என்பதால் நேரே கூட்டில் முடுக்கலாம். கொழும்பில் பழைய உதிரிப்பாகம் விற்கும் பஞ்சிகாவத்தையில் கழற்றிய பழைய பைமெற்றலைத் தேடி வாங்குவது மூன்றாவது வழி. அதில் தொடர்புப் புள்ளி எவ்வளவு கரிந்திருக்கிறது என்பதைக் கூட்டை உடைக்காமல் பார்க்க முடியாது. அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

ஒரு மீற்றர் மட்டும் ஆடினால் இந்தப் பெட்டி உதவாது. கிடங்குக் குழியில் விழும்போது டீசல் முள் துள்ளினால் டாங்கி மேலுள்ள சென்டரின் (sender, அளவை மீற்றருக்கு அனுப்பும் சாமான்) வயர் முனையையும், சென்டர் விளிம்பின் எர்த்தையும் பாருங்கள். டாங்கி ரப்பர் பட்டிமேல் உட்கார்ந்திருந்தால் செசிக்குத் தனி வயர் வேண்டும். டாங்கி குறிப்பிட்ட ஒரு மட்டத்துக்கு வரும்போது மட்டும் முள் விழுந்தால் சென்டரின் உள்தடம் அந்த இடத்தில் தேய்ந்துவிட்டது. கழற்றி, மிதவையை மெல்ல உயர்த்திக்கொண்டே ஓம் அளந்தால் நடுவில் ஓரிடத்தில் அளவு அறுந்துபோவது தெரியும். தண்ணி சென்டரின் மரையில் வெள்ளை நாடா சுற்றியிருந்தால் உரித்துவிடுங்கள், அதற்கு எர்த்தே அந்த மரைவழிதான்.

சென்டர் வயரைக் கழற்றி எர்த்தில் தொட்டுப் பார்க்கும் பழக்கம் வயரிங் பாஸ்மார் எல்லாருக்கும் உண்டு. முள் முழுவதுக்கும் ஏறினால் மீற்றர் நல்லது என்று அர்த்தம். ஆனால் இரண்டு மூன்று விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள், சூட்டு மீற்றரின் உட்கம்பி எரிந்துபோகலாம். இடையில் 20 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டு தொடுவது புத்தி.

புதுப் பெட்டி பூட்டிய பிறகு டீசல் முள் முன்னையதைவிடக் கொஞ்சம் கீழே நிற்கக்கூடும். பழையது கூடுதல் வோல்ட் கொடுத்துப் பொய் காட்டியிருக்கிறது என்பதுதான் காரணம். அந்தப் பொய்யான அரை டாங்கியை நம்பி ஹபரணைக் காட்டுக்குள் இரவில் டீசல் முடிந்து நின்றால், யானைக்குப் பயந்துகொண்டே கைப்பம்பை அமத்திக் காற்றெடுக்க வேண்டியிருக்கும். எனவே ஒருதரம் டாங்கியைக் கிட்டத்தட்ட வெறுமையாக்கி, பத்துப் பத்து லீற்றராக ஊற்றி, ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் பொறுத்து முள் நிற்கும் இடத்தைக் கண்ணாடியின் ஓரத்தில் பென்சிலால் குறித்துவையுங்கள்.