நேவிஸ்வொர்க்ஸுடன் ஆறு வருடம்: ஒரு குவான்டிட்டி சர்வேயரின் அனுபவம்

துபாயில் கான்ட்ராக்டர் தரப்பில் வேரியேஷன் (ஒப்பந்த வேலையில் வரும் மாற்றம்), கிளெய்ம் (அதற்காகக் கூடுதல் பணமோ நாளோ கேட்பது) பார்க்கும் வேலை எனக்கு. கட்டிடத்தின் 3டி மாடல்களை ஒன்றுசேர்த்துப் பார்க்கும் மென்பொருளான நேவிஸ்வொர்க்ஸ் மேனேஜை ஆறு வருடமாகத் தினமும் திறக்கிறேன். பைப்பும் பீமும் எங்கே மோதுகின்றன என்று பார்க்கத்தான் பலரும் இதை வாங்குகிறார்கள். எனக்கு இது, டிசைன் எந்த வாரம் மாறியது என்று காட்டும் சாட்சி.

முதலில் நான் பட்ட அடி. ஆரம்பத்தில் வாரா வாரம் மாடலைச் சேமித்து வந்தேன், ஆனால் என்டபிள்யூஎஃப் (NWF) கோப்பாக. அதற்குள் மாடல் இருக்காது, மூலக் கோப்புகள் எங்கே கிடக்கின்றன என்ற முகவரிதான் இருக்கும். எங்கள் சர்வரில் புது ரிவிஷன் வந்தால் அதே பெயரில் பழையதன்மேல் போட்டுவிடுவார்கள். எட்டு மாதம் கழித்து மார்ச் மாதக் கோப்பைத் திறந்தேன், நவம்பர் மாத மாடல் வந்து நின்றது. அந்தக் கிளெய்மில் கையில் ஒன்றுமில்லை. என்டபிள்யூடி (NWD) கோப்பாகப் பப்ளிஷ் செய்தால்தான் அன்றைய நிலை அப்படியே உறைந்து நிற்கும். இப்போது வியாழக்கிழமை மாலை அது முடியாமல் நான் வீட்டுக்குக் கிளம்புவதில்லை.

அந்தப் பழக்கம் அடுத்த ப்ராஜெக்டிலேயே காப்பாற்றியது. மூன்றாம் மாடி வராந்தாவில் டக்ட் (காற்றுக் குழாய்) மாட்டி முடித்திருந்தோம். ஒரு ரிவிஷனில் நான்காம் மாடி பீமின் ஆழம் 600 மில்லிமீட்டரிலிருந்து 750 ஆகியிருந்தது. மாறிய இடத்தைச் சுட்டும் மேகக்குறியை வரைபடத்தில் போடவில்லை. "முதலிலிருந்தே 750 தானே" என்றார் கன்சல்டன்ட் தரப்பு எஞ்சினியர். இரண்டு வாரத்து என்டபிள்யூடி-களையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் திறந்து, பழையதைப் பச்சையாகவும் புதியதைச் சிவப்பாகவும் மாற்றிக் காட்டினேன். பச்சைக்குக் கீழே 150 மில்லிமீட்டர் சிவப்பு தொங்கியது, அதற்குள் எங்கள் டக்ட். அதன் பிறகு அவர் பழைய பிரிண்டை எடுத்துவரச் சொன்னார்.

பிரிண்ட் ஏன் என்றால், எங்கள் ஒப்பந்தத்தில் மாடல் தகவலுக்கு மட்டும், வரைபடம்தான் செல்லும். மாற்றத்தைக் கண்டுபிடிக்க மாடல், ஃபைலில் வைக்க வரைபடம். உங்கள் ஒப்பந்தத்தில் எப்படி என்று முதல் நாளே படித்துவிடுங்கள்.

இரண்டு மாடலின் வித்தியாசத்தைப் பட்டியலிடும் கம்பேர் வசதியை அப்படியே நம்ப வேண்டாம். மாடல் வரையும் மென்பொருளான ரெவிட்டில் ஒரு சுவரை அழித்து அதே இடத்தில் மறுபடி வரைந்தாலே அடையாள எண் மாறிவிடும். சுவர் இம்மி நகர்ந்திருக்காது, கம்பேர் மட்டும் ஒன்று போனது, ஒன்று வந்தது என்று சொல்லும். அதனால் பட்டியலைக் கண்ணால் ஓட்டித்தான் தீர வேண்டும், எனக்கு ஒரு மாடிக்கு அரை நாள் ஆகிறது.

இருந்தாலும் அந்த அரை நாள் வீண் இல்லை. ஃபிடிக் என்ற சர்வதேச மாதிரி ஒப்பந்தத்தின் 1999 பதிப்பில், கிளெய்முக்குக் காரணமான விஷயம் தெரிந்த, அல்லது தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 28 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும், 42 நாளுக்குள் முழு விவரம். வாரம் ஒருமுறை ஒப்பிட்டால் மாற்றம் ஏழு நாளில் கண்ணில் பட்டுவிடும். சைட்டில் ஒன்றோடொன்று மோதிய பிறகு தெரிந்துகொண்டால் 28 நாள் எப்போதோ போயிருக்கும்.

மாடல் தராத ஒன்று உண்டு. பீம் கிளெய்மில் டக்டைக் கழற்றி மாட்டிய செலவு கிடைத்தது, கேட்ட கால நீட்டிப்பு கிடைக்கவில்லை. எத்தனை ஆள் எத்தனை நாள் சும்மா நின்றார்கள் என்பது சைட் டைரியில்தான் இருக்கும், அந்த மூன்று வாரமும் எங்கள் டைரியில் "டக்ட் வேலை" என்ற ஒற்றை வரிதான் இருந்தது.

என்டபிள்யூடி-யைப் பார்க்க நேவிஸ்வொர்க்ஸ் ஃப்ரீடம் இலவசம். அதனால் இப்போதெல்லாம் கிளெய்ம் கடிதத்தோடு கோப்பையும் சேர்த்தே அனுப்புகிறேன், மாறிய இடத்தை வியூபாயின்டாக (ஒரு கிளிக்கில் திறக்கும் பார்வைக் கோணமாக) சேமித்து, அதற்கு ரிவிஷன் எண்ணையே பெயராக வைத்து.