திருவொற்றியூர் வெயிலில் ஒரு ஹேக்கின்டாஷ் லேப்டாப்: சிபியு, ஜிபியு பவர் டியூனிங் அனுபவம்

ஹேக்கின்டாஷ் லேப்டாப்பில், அதாவது ஆப்பிள் தயாரிக்காத லேப்டாப்பில், மேக் ஓஎஸ் பூட் ஆகி, வைஃபையும் சவுண்டும் வந்துவிட்டால் பலரும் வேலை முடிந்தது என்று விட்டுவிடுகிறார்கள். பாதி வேலை அதற்கு அப்புறம்தான் இருக்கிறது. பவர் மேனேஜ்மென்ட் சரியில்லாவிட்டால் சார்ஜரைப் பிடுங்கிய கொஞ்ச நேரத்திலேயே பேட்டரி சிவப்புக்கு வந்துவிடும். திருவொற்றியூரில், மொட்டை மாடிக்கு நேர் கீழே ஏசி இல்லாத ரூமில் வேலை செய்கிற எனக்கு இதைத் தள்ளிப்போடவே முடியாது. கத்தரி வெயில் சமயத்தில் மதியம் ரூமே 36 டிகிரிக்குப் போகும். லேப்டாப் ஃபேன் எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் உள்ளே இழுப்பது அந்தச் சூட்டுக் காற்றைத்தானே?

சில வருடம் பயன்படுத்திய பிறகு ஒரு விஷயத்தில் உறுதியாக இருக்கிறேன். நம்ம ஊர்ச் சூட்டில் டாப் ஸ்பீடைத் துரத்துவதில் பலன் குறைவு. லேப்டாப் சும்மா இருக்கும்போது எவ்வளவு நன்றாக ஓய்வெடுக்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். சும்மா இருக்கும்போது குளிர்ந்திருந்தால்தான் வேலை வரும்போது டர்போவுக்கு, அதாவது சிபியு கொஞ்ச நேரம் கூடுதல் வேகத்தில் ஓடுவதற்கு, இடம் இருக்கும்.

என்னுடையது இன்டெல் ஐ5-8250யூ. 4 கோர், அடிப்படை வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், டர்போ 3.4 வரை, டிடிபி (தொடர்ந்து வேலை செய்யும்போது சிப்புக்கான பவர் அளவு) 15 வாட். உள்ளேயே யூஎச்டி 620 கிராஃபிக்ஸ், தனி கிராஃபிக்ஸ் கார்டாக என்விடியா எம்எக்ஸ்150. ஓப்பன்கோர் என்ற பூட்லோடர் வழியாக மேக் ஓஎஸ் வென்ச்சுரா ஓடுகிறது. எஸ்எம்பயாஸ், அதாவது எந்த மேக் மாடல் என்று சிஸ்டத்திடம் காட்டுகிற அடையாளம், மேக்புக் ப்ரோ 14,1. கல்யாணம், காதுகுத்து வீடியோக்களை ஃபைனல் கட்டில் எடிட் செய்வதுதான் முக்கிய வேலை.

முதலில் அந்த எம்எக்ஸ்150. மொஹாவி பதிப்பிலிருந்தே அதற்கு மேக் ஓஎஸ்ஸில் டிரைவர் கிடையாது. ஆக அதனால் ஒரு பயனும் இல்லை, ஆனால் கரண்டை மட்டும் குடித்துக்கொண்டிருக்கும். கிராஃபிக்ஸைச் சரிசெய்கிற வாட்எவர்க்ரீன் என்ற கெக்ஸ்ட்டுக்கு (மேக் ஓஎஸ்ஸில் டிரைவர் மாதிரி ஏறும் ஃபைல்) ஒரு பூட் ஆர்கியுமென்ட் கொடுத்தால் சிஸ்டத்தின் கண்ணிலிருந்து மறைந்துவிடும். கண்ணுக்குத் தெரியாமல் போவது வேறு, கரண்ட் நிற்பது வேறு. என் லேப்டாப்பில் மறைத்த பிறகும் கீபோர்டின் இடது பக்கம் சுடச்சுடத்தான் இருந்தது. லேப்டாப்பின் ஹார்டுவேரை விவரிக்கிற பயாஸ் அட்டவணையான டிஎஸ்டிடியைத் திறந்து அந்த கார்டுக்கான ஆஃப் மெத்தட் எந்தப் பாதையில் இருக்கிறது என்று கண்டுபிடித்து, பூட் ஆகும்போதே அதை அழைக்கிற மாதிரி ஒரு எஸ்எஸ்டிடி (அந்த அட்டவணைக்கான கூடுதல் துண்டு) சேர்த்தேன். சும்மா இருக்கும்போது பேட்டரியிலிருந்து 12 வாட் போல இழுத்தது, 7-க்குப் பக்கத்தில் வந்தது. இந்த லேப்டாப்பில் நான் செய்த எல்லா வேலையிலும் பெரிய பலன் தந்தது இதுதான். சில மாடல்களில் எச்டிஎம்ஐ போர்ட் தனி கார்டோடு இணைந்திருக்கும். அணைத்தால் அதுவும் போய்விடும், முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சிபியு. சிபியு வேகத்தை ஏற்றி இறக்குகிற ஆப்பிளின் எக்ஸ்சிபிஎம் ஓடுவதற்கு முன்பெல்லாம் எஸ்எஸ்டிடி-பிளக் என்ற எஸ்எஸ்டிடி கட்டாயம் வேண்டும். மான்டரே 12.3-லிருந்து அது இல்லாமலே எக்ஸ்சிபிஎம் ஏறிவிடுகிறது. ஆனால் ஏறினால் மட்டும் போதாது. எந்த வேகத்துக்கு இறங்கலாம், எப்போது ஏறலாம் என்ற டேட்டா நாம் கொடுத்த எஸ்எம்பயாஸுக்கு உரிய ஃபைலிலிருந்து வருகிறது. நிஜமான 14,1 மேக்கில் இருப்பது 2 கோர் சிப், என்னிடம் இருப்பது 4 கோர். அடுத்தவர் அளவுக்குத் தைத்த சட்டை எப்படிப் பொருந்தும்? சிபியுஃபிரண்ட் கெக்ஸ்ட்டும் அதற்கான டேட்டா ப்ரொவைடரும் இதற்காகத்தான். குறைந்தபட்ச வேகத்தை 800 மெகாஹெர்ட்ஸுக்கு இறக்கினேன். இபிபி என்று ஒரு மதிப்பு உண்டு, 0 என்றால் முழு வேகம், 255 என்றால் முழு சிக்கனம். நான் 128-இல் வைத்திருக்கிறேன். டைம்லைனில் கிளிப்பை இழுக்கும்போது ஒரு தயக்கமும் தெரியவில்லை. பிரவுசரில் டேப் மாறும்போதெல்லாம் ஃபேன் அலறியதும் நின்றது.

சிஎஃப்ஜி லாக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிபியுவின் பவர் அமைப்புகள் இருக்கிற ஒரு ரெஜிஸ்டரை பயாஸ் பூட்டி வைப்பதுதான் இது. அப்படிப் பூட்டியிருந்தால் எக்ஸ்சிபிஎம்மால் அதில் எழுத முடியாது, கர்னல் பேனிக் ஆகும். ஓப்பன்கோரில் இதற்கான குவர்க்கை (மாற்று வழி செட்டிங்) போட்டுச் சமாளிக்கலாம். ஆனால் முடிந்தால் பூட்டையே திறந்துவிடுங்கள், அதுதான் சுத்தமான வழி. பயாஸ் அப்டேட் செய்தால் திரும்பப் பூட்டிக்கொள்ளலாம், அப்போது மறுபடி சரிபாருங்கள். ஆப்பிள் தராத எஸ்எஸ்டி போட்டிருப்பவர்கள் என்விஎம்இஃபிக்ஸ் என்ற கெக்ஸ்ட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேலை இல்லாதபோது எஸ்எஸ்டி தானாகக் குறைந்த பவருக்கு இறங்கும்.

கிராஃபிக்ஸ் பக்கம் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. யூஎச்டி 620-ஐ முந்தைய தலைமுறை எச்டி 620 ஆகக் காட்ட 5916 என்ற டிவைஸ் ஐடி, பொருத்தமான பிளாட்ஃபார்ம் ஐடி, அப்புறம் ஃபிரேம்பஃபர் (திரைப் படத்துக்கான மெமரி) பேட்ச். எக்ஸ்போர்ட் செய்யும்போது ஜிபியு வேகம் ஏறாமல் அடங்கியே இருந்தால் வாட்எவர்க்ரீனின் ஆர்பிஎஸ் கன்ட்ரோல் என்ற செட்டிங்கைப் போட்டுப் பாருங்கள், எனக்கு உதவியது. இங்கே மறக்கக் கூடாத ஒன்று, அந்த 15 வாட்டை சிபியுவும் ஜிபியுவும் பங்கு போட்டுக்கொள்கின்றன. சிபியு குறைவாகச் சாப்பிட்டால் மிச்சம் ஜிபியுவுக்குப் போகும்.

அதனால்தான் அண்டர்வோல்ட், அதாவது சிபியுவுக்குப் போகும் வோல்டேஜைக் கொஞ்சம் குறைப்பது. வோல்டேஜ்ஷிஃப்ட் என்ற டூல் மூலம் கோருக்கும் கேஷுக்கும் ஒரே அளவாக 80 மில்லிவோல்ட் குறைத்தேன். எக்ஸ்போர்ட்டின்போது 95 டிகிரியைத் தொட்டுக்கொண்டிருந்த சிபியு சூடு இப்போது 84, 85-இல் நிற்கிறது. ஒவ்வொரு சிப்புக்கும் எல்லை வேறு, 10 மில்லிவோல்ட்டாகக் குறைத்து நாள் முழுக்க ஓட்டிப் பாருங்கள். 2019 டிசம்பரில் பிளண்டர்வோல்ட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியான பிறகு வந்த பல பயாஸ் அப்டேட்கள் இந்த வசதியையே மூடிவிட்டன. உங்கள் லேப்டாப்பில் இன்னும் திறந்திருந்தால், பயாஸ் அப்டேட் போடும் முன் எது முக்கியம் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சிபியு, ஜிபியு எவ்வளவு பவர் இழுக்கின்றன என்று அளந்து பார்க்க முன்பு இன்டெல் பவர் கேட்ஜெட் இருந்தது, இன்டெல் அதை நிறுத்திவிட்டது. டெர்மினலில் பவர்மெட்ரிக்ஸ் கட்டளை மேக் ஓஎஸ்ஸிலேயே இருக்கிறது, அது போதும்.

கடற்கரைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை உப்புக்காற்றும் கன்டெய்னர் லாரி கிளப்பும் தூசியும் சேர்ந்து ஹீட்சிங்க் இடுக்கில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். சாஃப்ட்வேரில் என்ன டியூன் செய்தாலும் அதை எடுக்க முடியாது. வெயில் காலம் தொடங்கும் முன் திறந்து பிரஷ்ஷால் சுத்தம் செய்து தெர்மல் பேஸ்ட்டை மாற்றிவிடுகிறேன். அதுவே நாலைந்து டிகிரி இறக்கும்.

இப்போது சார்ஜர் இல்லாமல் சாதாரண வேலைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வருகிறது, முன்பு மூன்றைத் தாண்டாது. விம்கோ நகரில் மெட்ரோ ஏறி, மடியில் வைத்து ரஃப் கட் பார்த்துக்கொண்டே போனாலும் தொடை சுடுவதில்லை.

ஆப்பிளின் லைசென்ஸ் தன்னுடைய கம்ப்யூட்டரில் மட்டும்தான் மேக் ஓஎஸ்ஸை அனுமதிக்கிறது என்பது தெரிந்தே இதில் இறங்குங்கள். 2025-இல் வந்த மேக் ஓஎஸ் டஹோதான் இன்டெலுக்குக் கடைசிப் பதிப்பு என்று ஆப்பிளும் சொல்லிவிட்டது. ஆகவே இதற்காகப் புதிதாக லேப்டாப் வாங்க வேண்டாம். கையில் ஏற்கெனவே ஒன்று ஓடிக்கொண்டிருந்தால், முதலில் அந்தத் தனி ஜிபியு நிஜமாகவே அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.