கல்முனைக் கைத்தறிக் கடைக்குப் புதிய இணையத்தளம்: ஓராண்டுக்குப் பின்

கல்முனையில் மருதமுனைக் கைத்தறிச் சாறன்களையும் சேலைகளையும் விற்கும் எங்கள் கடைக்கு 2017ஆம் ஆண்டிலிருந்தே ஓர் இணையத்தளம் இருந்தது; இருந்தது என்பதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கடந்த ஆண்டு அதைத் திருத்தியமைக்கும் வேலையை மட்டக்களப்பு நகரிலுள்ள ஒரு சிறிய நிறுவனத்திடம் கொடுத்தேன்.

முதல் சந்திப்பில் அவர்கள் வண்ணங்களைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதது எனக்குப் பிடித்திருந்தது. ஏறத்தாழ 40 கிலோமீற்றர் பயணம் செய்து வந்து கடையில் அமர்ந்தவர்கள், எங்கள் மாமியின் கையில் ஒரு பழைய கைத்தொலைபேசியைக் கொடுத்து, “இதில நீலச் சாறன் என்ன விலையெண்டு பாத்துச் சொல்லுங்கம்மா” என்றார்கள். முகப்பில் தானாக நகர்ந்துகொண்டிருந்த படங்களை மாமி தொட்டுத் தொட்டுப் பார்த்தார். படம் பெரிதாகவில்லை, அடுத்த படம்தான் வந்தது. நான்கு நிமிடம் கழித்து, “விலைய ஒளிச்சு வெச்சிருக்கியே மகன், இதுக்குக் கடைக்கே வந்திரலாமே” என்று தொலைபேசியைத் திருப்பித் தந்தார். புதிய தளத்தில் ஒவ்வொரு துணியின் கீழும் விலை, நீளம், அகலம், சாயம் போகுமா போகாதா என்ற நான்கு விவரங்களும் படத்தோடு சேர்ந்தே தெரிவதற்கு அந்த நான்கு நிமிடங்களே காரணம்.

பழைய தளத்தின் பெரிய குறையை நான் அதுவரை குறையென்றே அறிந்திருக்கவில்லை. தமிழ்ப் பகுதிகள் முழுவதும் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. அந்த எழுத்துரு இல்லாத தொலைபேசியில் அவை ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையாகத் தெரிந்ததால், முன்பு தளத்தைச் செய்தவர் எல்லாவற்றையும் படங்களாக மாற்றி ஒட்டிவிட்டிருந்தார். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்ததில் தேடுபொறிக்குப் படிக்க எழுத்தே இருக்கவில்லை. மருதமுனைச் சாறன் என்று தமிழில் தேடிய எவரும் எங்களிடம் வந்துசேராதது இதனால்தான். புதிய நிறுவனத்தார் அத்தனையையும், தொலைபேசிகளும் தேடுபொறிகளும் தமிழாகவே படிக்கக்கூடிய பொதுக் குறியீட்டு முறையான யுனிகோட்டில் மீண்டும் தட்டச்சு செய்தார்கள். அதற்கெனத் தனிக் கட்டணமும் கேட்கவில்லை.

வேகத்திலும் அவர்கள் சொன்னதைச் செய்தார்கள். பக்கத்தின் முதன்மையான பகுதி 2.5 செக்கன்களுக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். எங்கள் பழைய முகப்புக்கு 11 செக்கன்கள் தேவைப்பட்டன. கமராவிலிருந்து எடுத்தபடியே ஏற்றிய 4 மெகாபைட் படங்களைச் சுருக்கி, நகரும் படங்களை நீக்கியதும் அது இரண்டரைக்குள் வந்தது. ஏழு கட்டங்கள் கொண்ட விசாரணைப் படிவத்தையும் எடுத்துவிட்டு, துணியின் இலக்கத்தைத் தானே எழுதிவைக்கும் வாட்ஸ்அப் பொத்தானை வைத்தார்கள். படிவத்தின் வழியே ஆண்டுக்கு ஐந்தாறு பேர் எழுதிய இடத்தில், இப்போது வாரத்துக்கு அவ்வளவு பேராவது கேட்கிறார்கள். கனடாவிலிருந்து கேட்பவர்கள் நம் நள்ளிரவில்தான் கேட்கிறார்கள் என்பது வேறு விடயம்.

குறைகளும் உள்ளன. ‘எங்களைப் பற்றி’ பக்கத்துக்கு அவர்கள் எழுதித் தந்த வாசகம் எந்தக் கடைக்கும் பொருந்தும் புகழ்ச்சியாக இருந்ததால், அதை நானே நெசவாளர் வீட்டுத் தறியின் படத்தோடு மாற்றி எழுத நேர்ந்தது. மாத அறிக்கையில் வருகையாளர் எண்ணிக்கையைத்தான் பெரிதாகக் காட்டுகிறார்கள். எத்தனை பேர் பொத்தானை அழுத்தினார்கள் என்பதைக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. விற்றது எத்தனை என்பதற்கு இன்றும் என் கொப்பிதான் கணக்கு.

எல்லாவற்றிலும் பெரிய குறை, ஒரு விலையை மாற்றுவதற்குக்கூட அவர்களுக்கு எழுதிவிட்டு இரண்டு நாட்கள் காத்திருக்க வேண்டியிருப்பதுதான். நோன்புப் பெருநாளுக்கு முந்திய வாரத்தில் விற்றுத் தீர்ந்த ஒரு சாறன் தளத்தில் அப்படியே கிடந்ததால், பதினான்கு பேரிடம் இல்லையென்று சொல்ல நேர்ந்தது. அவர்களில் மூவர் மட்டுமே வேறு நிறத்தை எடுத்துக்கொண்டார்கள்.

இதே வேலைக்கு ஆள் தேடும் கடைக்காரருக்கு இந்த நிறுவனத்தைத் தயங்காமல் சொல்வேன். ஆனால் விலையையும் இருப்பையும் தாமே மாற்றும் வசதியை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளட்டும். அடுத்த ஆண்டுக்கான பராமரிப்புக் கட்டணத்தைச் செலுத்துமுன் அந்தக் கடவுச்சொல்லை நான் கேட்டிருக்கிறேன்; இன்னும் கைக்கு வரவில்லை.