அலோபேசியாவுக்கு மனித முடி விக்: எந்த இடம் முதலில் கைவிடும்?

விக் கடையில் எல்லோரும் முதலில் கேட்பது, "எத்தனை வருஷம் வரும்?" என்பதைத்தான். பதிலாகக் கிடைப்பது பெரும்பாலும் முடியின் பெருமை. ஆனால் எந்த விக்கும் மொத்தமாக ஒரே நாளில் வீணாவதில்லை. நெற்றியோரத்தில் முடி கோத்திருக்கும் மெல்லிய வலையான லேஸ் கிழியும், அல்லது வகிட்டில் முடி உதிர்ந்து வலை தெரியும், அல்லது பிடரி முடி சிக்குப் பிடித்துப் பாய்போல் ஒட்டிக்கொள்ளும். இந்த மூன்றில் எது முந்துகிறதோ, அங்கேயே அந்த விக்கின் ஆயுள் முடிந்துவிடுகிறது. இரண்டு விக்குகளை ஒப்பிடும்போது கேட்க வேண்டியது, எதில் எந்த இடம் முதலில் போகும், போனால் சரிசெய்ய முடியுமா என்பதுதான்.

அலோபேசியா, அதாவது புழுவெட்டு, முற்றித் தலைமுடி முழுவதையும் இழந்தவர்களுக்கு இந்தக் கணக்கு மற்றவர்களுக்குப் போல இருக்காது. கீமோதெரபி எடுத்தவருக்குப் பெரும்பாலும் சில மாதங்களில் முடி திரும்ப வளரும். அலங்காரத்துக்குப் போடுபவர் வாரத்தில் இரண்டு நாள் போடுவார். அலோபேசியாக்காரர் தினமும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம், வருஷக்கணக்கில் போடுகிறார். கிளிப் மாட்ட முடி இல்லாததால் விக் தலையில் நகர்ந்து உரசும்; வியர்வை நேராக, முடியைத் தாங்கும் வலைத் தொப்பியான அடித்தளத்தில் இறங்கும். "இரண்டு வருஷம் கேரண்டி" என்று எழுதியிருந்தால், தினசரி உபயோகத்துக்கு அதில் பாதியைக் கழித்துவிட்டு யோசிப்பது நல்லது.

கோயில் முடியா, சிக்குமுடியா

முடியின் மேல்தோல், ஓடு வேய்ந்த கூரை மாதிரி அடுக்கடுக்காக வேரிலிருந்து நுனியை நோக்கிப் படிந்திருக்கும். எல்லா இழைகளும் ஒரே திசையில் இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிப் போகும். அதற்குத்தான் ரெமி என்று பெயர். திருமலையின் கல்யாணகட்டாவிலும் பழனி, திருத்தணி போன்ற கோயில்களிலும் மொட்டையடிக்கும்போது, பெண்களின் நீள முடியைக் கட்டிவைத்து மழிப்பதால் வேரும் நுனியும் கலப்பதில்லை. திருப்பதி தேவஸ்தானம் அதை நீளவாரியாகத் தரம் பிரித்து ஏலம் விடுகிறது. உலகச் சந்தையில் விற்கும் நல்ல விக்குகளில் கணிசமானவற்றுக்கு மூலப்பொருள் இங்கிருந்துதான் போகிறது.

சிக்குமுடி வேறு. சீப்பில் வரும் முடியைச் சுருட்டி வைத்து, தெருவில் வருபவரிடம் பாத்திரத்துக்கோ காசுக்கோ போடுகிறோமே, அதுதான். அதில் பாதி இழைகள் தலைகீழாகக் கிடக்கும்; ஓடுகள் ஒன்றையொன்று கொக்கி போட்டு இழுக்கும். தொழிற்சாலையில் அமிலக் குளியல் கொடுத்து அந்த ஓடுகளையே கரைத்துவிட்டு, மேலே சிலிக்கோன் பூசுவார்கள். வேடிக்கை என்னவென்றால், கடையில் கோயில் முடியைவிட இதுதான் அதிகம் பளபளக்கும். சில அலசலில் சிலிக்கோன் போனதும் முடி பஞ்சாகிவிடும். தினமும் போட்டால் மூன்று நான்கு மாதம். அடுக்குக் கலையாத முடி அதே உபயோகத்தில் பத்து மாதம் முதல் ஒன்றரை வருஷம் வரை தாங்கும்.

கடையிலேயே சோதிக்கலாம். நான்கைந்து இழைகளைப் பிடித்து, இரு விரலால் வேரிலிருந்து நுனிக்கும் பிறகு நுனியிலிருந்து வேருக்கும் தடவுங்கள். மேலே போகும்போது லேசாகச் சொரசொரப்பு இருந்தால் ஓடு இருக்கிறது. இரு பக்கமும் கண்ணாடிபோல வழுக்கினால் ஓடு இல்லை, பூச்சுதான். சில இழைகள் இப்படியும் சில அப்படியும் சொரசொரத்தால் கலப்படம். "பிரேசிலியன்", "பெருவியன்" என்று சீட்டில் எழுதியிருப்பதெல்லாம் பெரும்பாலும் சுருளின் வகையைச் சொல்லும் வியாபாரப் பெயர்கள். ஊரைச் சொல்பவை அல்ல.

நிறத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. பொன்னிற விக் வேண்டுபவருக்குக் கருமுடியின் நிறமியை ரசாயனத்தில் கழற்றியாக வேண்டும். அதோடு முடியின் பலமும் போகும். நமக்கு வேண்டிய நிறம் முடியிலேயே இருக்கிறது. சாயம் போடாத முடியைக் கேட்டு வாங்கினால் ஒரு சேதத்தை முழுவதுமாகத் தவிர்க்கலாம். கரிக்கறுப்பு, அதாவது நிற அட்டையில் 1 என்ற எண், பெரும்பாலும் சாயம்தான், வெயிலில் செம்பட்டையாகும். 1பி தான் இயற்கைக்குப் பக்கம். இடையிடையே நரை வேண்டும் என்றால் அந்த வெள்ளை இழைகள் பெரும்பாலும் செயற்கை நாராகவே இருக்கும். சூட்டுக்கருவியை அந்த இடத்தில் வைக்காதீர்கள்.

அடித்தளம்: ஆயுள் தீர்மானமாகும் இடம்

முழு லேஸ் விக் தலையில் உட்கார்ந்தால் அழகுதான். காற்றோட்டமும் உண்டு. எந்தப் பக்கமும் வகிடு எடுக்கலாம். ஆனால் இருப்பதிலேயே பலவீனமானதும் இதுதான். சுவிஸ் லேஸ் மெல்லியது, கண்ணுக்குத் தெரியாது, சீக்கிரம் கிழியும். பிரெஞ்சு லேஸ் சற்றுத் தடிமன், கூடுதலாகத் தாங்கும். கழற்றும்போது காதோரத்தைப் பிடித்து இழுக்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. அங்கேதான் முதல் கிழிசல். பசை போட்டு ஒட்டி, தினமும் கரைப்பான் தடவிக் கழற்றினால் நான்கு முதல் ஆறு மாதத்தில் ஓரம் நூல் நூலாகப் பிரியும். மேலே முடி நன்றாகவே இருக்கும், அதுதான் வயிற்றெரிச்சல்.

வெஃப்ட் என்பது முடியை எந்திரத்தில் பட்டைபட்டையாகத் தைத்து எலாஸ்டிக்கில் சேர்ப்பது. முரட்டு உழைப்பு, இதில் முடி போனாலும் அடித்தளம் போகாது. குறை என்னவென்றால், தையல்கள் வெறும் தலையில் நேராக உரசும். முடி உள்ளவருக்குத் தெரியாத அரிப்பு, மொட்டைத் தலைக்கு மாலை நான்கு மணிக்குத் தாங்க முடியாமல் போகும். உள்ளே மெல்லிய பருத்தித் தொப்பி போட்டால் சமாளிக்கலாம்.

மோனோஃபிலமென்ட் லேஸைவிடத் தடித்த வலை. உச்சிப்பகுதிக்கு இதைப் போட்டு, பின்பக்கம் வெஃப்ட், நெற்றியில் இரண்டு அங்குலம் மட்டும் லேஸ் என்று மூன்றையும் கலந்து செய்த விக்குகள் உண்டு. தினமும் போடுபவருக்கு எங்கள் ஓட்டு இதற்கே. கிழியக்கூடிய இடம் முன்பக்க லேஸ் மட்டும், அதையும் தனியாக மாற்றித் தைக்கலாம். உச்சி வலை ஒரு வருஷத்துக்கு மேல் அசையாது.

சில்க் டாப்பில் முடிச்சுகள் இரண்டு துணி அடுக்குகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும். மேலே பார்த்தால் தோலிலிருந்து முடி முளைத்தது மாதிரி இருக்கும். ஆனால் கனம், சூடு. மே மாதச் சென்னையில் அதைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் நிற்பது ஒரு தண்டனை. முடி உதிர்ந்தால் திரும்ப நடுவதும் கடினம், ஏனென்றால் ஒவ்வொரு இழையையும் மேல் துணி வழியாக இழுக்க வேண்டும்.

கடைசியாக, தலையின் அச்சு எடுத்துச் செய்யும் சிலிக்கோன் வேக்குவம் விக். பசையே வேண்டாம், காற்று வெளியேறிக் கவ்விக்கொள்ளும், ஓடினாலும் குனிந்தாலும் நகராது. அடித்தளம் இரண்டு மூன்று வருஷம் தாங்கும். பலரும் வாங்கும்போது யோசிக்காத ஒன்று உண்டு: கவ்விப் பிடிக்கத் தலை முழு வழுவழுப்பாக இருக்க வேண்டும். புழுவெட்டில் முடி திட்டுத்திட்டாகத் திரும்ப முளைப்பது சகஜம். அரை சென்டிமீட்டர் முளைத்தாலும் காற்று புகும், பிடி போகும். சிகிச்சை நடந்துகொண்டிருந்தால் இதில் பணம் போடாதீர்கள். பல வருஷமாக ஒரு முடிகூட முளைக்காதவருக்குத்தான் இது. வியர்வை வெளியேற வழியில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மதியம் ஒருமுறை கழற்றித் துடைக்கத் தனியிடம் இல்லாத வேலை என்றால் சிரமம்.

முடிச்சை வெளுப்பது

லேஸில் ஒவ்வொரு இழையும் கையால் முடிச்சுப் போட்டது. கறுப்பு முடிச்சு, வெளிர் லேஸில் மிளகுத்தூள் தூவியது மாதிரி தெரியும். அதனால் பிளீச் வைத்து வெளுப்பார்கள். பவுடரும் டெவலப்பரும் கலந்த விழுதை லேஸின் அடிப்பக்கத்தில் தடவுவது வழக்கம். பத்து நிமிடம் கூடிவிட்டாலோ விழுது நீர்த்துவிட்டாலோ முடிச்சோடு முடியின் அடித்தண்டும் வெந்துபோகும். கடையில் ஒன்றும் தெரியாது. இரண்டாம் மாதம் சீப்பில் நீள நீள முடியாக வரும், வகிட்டில் வலை பல்லிளிக்கும்.

மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் இந்த வெளுப்பு பெரும்பாலும் தேவையே இல்லை. தோலின் நிறத்தில் பழுப்பு லேஸாக வாங்கி, உள்பக்கம் தோல் நிறப் பவுடரை ஒற்றினால் முடிச்சு கண்ணுக்குப் படாது. "முடிச்சு வெளுத்தது" என்று கூடுதல் விலை கேட்டால் வெளுக்காததையே கேளுங்கள். வகிட்டை மாதம் ஒருமுறை அரை அங்குலம் நகர்த்துங்கள். ஒரே கோட்டில் சீப்பு ஓடினால் அந்த வரிசைதான் முதலில் மொட்டையாகும்.

பன்னிரண்டு அங்குலமா, இருபதா

விக் முடிக்குத் தலையிலிருந்து எண்ணெய்ப்பசை வராது. நுனி காய்ந்துகொண்டேதான் இருக்கும். இருபது அங்குல முடி சட்டைக் காலரிலும் துப்பட்டாவிலும் நாற்காலி முதுகிலும் நாள் முழுக்கத் தேயும். பிடரி வியர்வையின் உப்பும் சேரும். மூன்றாம் நான்காம் மாதத்திலேயே உள்அடுக்கில் முடி திரியத் தொடங்கும். தோளைத் தொடாத பத்துப் பன்னிரண்டு அங்குலம் இந்தத் தேய்மானத்திலிருந்து தப்பிக்கும். ஒரே தர முடியில் நீளத்தைக் குறைப்பதுபோல ஆயுளைக் கூட்டும் வழி வேறில்லை. விலையும் இறங்கும். அடர்த்தியும் அப்படித்தான்: 180 சதவீதம் படத்தில் நன்றாக இருக்கும், தலையில் டோப்பா என்று காட்டிக் கொடுக்கும். 120 முதல் 130 போதும்.

ஜடை வேண்டும் என்பவர்கள் பன்னிரண்டு அங்குல விக் வாங்கி, விசேஷ நாளில் சவுரி சேர்த்துப் பின்னிக்கொள்ளலாம். தினம் ஜடையின் கனத்தை வலை தாங்க வேண்டியதில்லை.

பசை, டேப், பட்டை

திரவப் பசை அதிகம் பிடிக்கும், அதிகம் கெடுக்கும். இரட்டைப் பக்க டேப், ஓரத்தில் பியூ (பாலியூரிதேன்) பட்டை உள்ள விக்குக்குச் சரி. வெறும் லேஸில் ஒட்டி உரித்தால் நூலைக் கிளப்பும். வெல்வெட் அல்லது சிலிக்கோன் பிடிப்புப் பட்டையைத் தலையில் கட்டி அதன்மேல் விக்கை வைப்பது அடித்தளத்துக்கு மிகக் குறைந்த சேதம். அலுவலகம், கடைகண்ணி போன்ற நாளுக்கு இதுவே போதும். தலையில் மினாக்ஸிடிலோ ஸ்டீராய்டுக் களிம்போ தடவுபவர்கள் அது முழுக்கக் காய்ந்த பிறகே எதையும் ஒட்ட வேண்டும். ஈரம் இருந்தால் பசை வழியும், மருந்தும் வலையில் ஏறும்.

அலசுவது

எட்டுப் பத்து நாள் உபயோகத்துக்கு ஒருமுறை அலசலாம், நம் வெயிலில் வாரம் ஒருமுறை. முதலில் காய்ந்த நிலையிலேயே நுனியிலிருந்து மேல்நோக்கிச் சிறிது சிறிதாகச் சிக்கெடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரை முடி விழும் திசையிலேயே விடுங்கள். சல்பேட் இல்லாத ஷாம்பூ ஒரு ஸ்பூன், ஒரு மக்குத் தண்ணீரில் கரைத்து, மேலிருந்து கீழே வழித்துவிட்டால் போதும். கசக்கினால் சிக்கு நிச்சயம். கண்டிஷனர் நடுமுடியிலிருந்து நுனிவரை மட்டும். வேரில் பட்டால் முடிச்சு நெகிழ்ந்து முடி கழலும். போர் தண்ணீரின் உப்பு முடியில் படிந்து சொரசொரப்பாக்கும் என்பதால் கடைசி அலசலுக்கு இரண்டு லிட்டர் கேன் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். துண்டில் ஒற்றி, நிழலில், ஸ்டாண்டில் காயட்டும். ஈரத்தில் சீவக்கூடாது.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். கை தானாக அந்தப் பாட்டிலுக்குப் போகும், தெரியும். எண்ணெய் முடிச்சில் இறங்கினால் நெகிழும், வலையில் தூசி பிடிக்கும், டேப் ஒட்டாது. நுனிக்கு மட்டும் இரண்டு சொட்டு சீரம் போதும்.

செயற்கை விக்கோடு ஒப்பிட்டால்

தினமும் போட்டால் செயற்கை நார் மூன்று முதல் ஐந்து மாதம். சூடுதான் எமன்: குக்கர் மூடியைத் திறக்கும்போது வரும் ஆவி முன்முடியை ஒரே நொடியில் பொரித்துச் சுருட்டிவிடும், திரும்ப நேராகாது. மனித முடி அதற்கு அசையாது.

செலவை மாதக் கணக்கில் பாருங்கள். உதாரணத்துக்கு, 8,000 ரூபாய் செயற்கை விக் நான்கு மாதம் வந்தால் மாதம் 2,000. 30,000 ரூபாய் மனித முடி விக் பதினைந்து மாதம் வந்தாலும் மாதம் 2,000தான். அதே 30,000க்குச் சிக்குமுடி விக் வாங்கி நான்கு மாதத்தில் போனால் மாதம் 7,500. ஆக நஷ்டம், தரம் தெரியாமல் வாங்கும் மனித முடியில்தான்.

பழுதை ஆரம்பத்திலேயே பாருங்கள். மாதம் ஒருமுறை விக்கை உள்பக்கமாகத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் நெற்றியோரமும் வகிடும் மெலிந்திருப்பது தெரியும். ஒரு விரல் அகலம் மெலிந்திருந்தால் ஊசியால் முடி சேர்ப்பது சின்ன வேலை. உள்ளங்கை அகலமானால் புதிதே வாங்கலாம். நல்ல விக்கின் முன்பக்க லேஸை மாற்றிய பிறகு, அடுத்ததை வாங்கி இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். பழையது சமையலுக்கும் நடைப்பயிற்சிக்கும் இன்னும் ஆறு மாதம் உழைக்கும்.